சான் பிரான்சிஸ்கோவைச் சைக்கிளில் சுற்ற எந்த வண்டி எடுப்பது?

விடுமுறைக்குச் சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள், குறிப்பாக அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர்கள், ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். அவ்வளவு மேடும் பள்ளமுமான ஊரில் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியுமென்றால் சாதாரண சைக்கிளா, மின்சார சைக்கிளா, தெருமுனையில் நிற்கும் பொது சைக்கிளா?

படங்களில் பார்க்கிற மேடுகள் உண்மையானவை. லீவன்வொர்த், ஹைடு தெருக்களுக்கு இடையே ஃபில்பர்ட் தெரு 31.5 சதவீதச் சரிவில் ஏறுகிறது. 100 அடி முன்னே போவதற்குள் 31 அடிக்கு மேல் உயர்ந்துவிடும். இப்படிப்பட்ட தெருக்களில் குதிரைகள் வண்டியிழுக்கப் பட்ட பாட்டைக் கண்டுதான் ஆண்ட்ரூ ஹாலிடி 1873-ல், தெருவுக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் கேபிள் காரை ஓட்டத் தொடங்கினார் என்பார்கள். ஆனால் அந்தத் தெருக்களில் உள்ளூர்க்காரர்களே சைக்கிளில் ஏறுவதில்லை. மேடுகளுக்கு நடுவே நெளிந்து போக வழி இருக்கிறது. கரையோரம் முழுக்கச் சமதளம். எம்பார்கடேரோவும் மெரினாவும் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம்.

மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். காற்றைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. திரும்பி வரும் வழியைக் கடைசி நேரத்தில் மாற்றுவதும் எளிதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டையும் வைத்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் காற்று. கோடையில் கலிபோர்னியாவின் உட்பகுதிப் பள்ளத்தாக்கு காய்ந்து சூடாகும். அங்கே சூடான காற்று மேலே எழும்ப, பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்பப் பாயும். மலைத்தொடரில் அதற்குள்ள பெரிய திறப்பு கோல்டன் கேட் நீரிணை. அதனால் மதியத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து பலமாக வீசும். மூடுபனியும் கூடவே வரும். காலை ஒன்பது மணிக்குச் சுகமாக இருந்த பாதை பிற்பகல் மூன்று மணிக்கு வேறு பாதையாகிவிடும். கோல்டன் கேட் பாலமும் கடற்கரையும் நகரின் வடமேற்கிலும் மேற்கிலும் இருப்பதால், போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று என்பதே பொது விதி.

இரண்டாவது, திரும்பும் வழி. வட்டமாகச் சுற்றி வருகிறீர்களா, படகில் திரும்புகிறீர்களா, பாதி வழியில் பஸ் ஏறுகிறீர்களா? மியூனி எனப்படும் நகரப் பஸ்களின் முன்புறம் சைக்கிள் மாட்டும் சட்டம் இருக்கும். ஆனால் வண்டியைத் தூக்கி அதில் வைக்க வேண்டியது நீங்கள்தான். கேபிள் காரில் சைக்கிளை ஏற்ற முடியாது.

மூன்றாவது, காசு எப்படி ஓடுகிறது என்பது. நாள் வாடகையா, மணிக்கணக்கா, நிமிடக்கணக்கா என்பதைப் பொறுத்து நீங்கள் ஓட்டும் விதமே மாறும். நிமிடக்கணக்கில் ஓடுகிறவர் கடலைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார மாட்டார்.

மேட்டை நான்காவதாக வைக்கிறேன். காரணம் 'விகில்' என்ற ஒரு பாதை. மார்க்கெட் தெருவருகே டுபோஸில் தொடங்கி, சான்செஸ், ஸ்டைனர், வாலர், பியர்ஸ், ஹெய்ட், ஸ்காட் என்று தெருவுக்குத் தெரு திரும்பித் திரும்பிப் போய், கோல்டன் கேட் பூங்காவுக்கு முன்னால் உள்ள பான்ஹேண்டில் புல்வெளியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். பழைய காலத்தில் ஓர் ஓடை ஓடிய பள்ளம் அது. தண்ணீர் தேடிய தாழ்வான வழியையே இன்று சைக்கிள்கள் பிடித்துப் போகின்றன. இருபுறமும் மலைபோல வீடுகள் ஏறி நிற்க, நீங்கள் நடுவில் பெரிய மூச்சிரைப்பு இல்லாமல் போய்விடலாம். சாலையில் பச்சை வண்ணக் குறிகள் வழிகாட்டும். இந்த ஒரு பாதை தெரிந்தால் ஊரின் கிழக்கையும் மேற்கையும் சாதாரண சைக்கிளிலேயே இணைத்துவிடலாம்.

கடைசியாக, உடன் வருபவர்கள். குழுவின் வேகம் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான்.

கடையில் வாடகைக்கு எடுக்கும் சாதாரண சைக்கிள்

நகரின் வடகரையிலுள்ள ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் பகுதியில் வாடகைக் கடைகள் நிறைய. கியர் வைத்த சைக்கிள், தலைக்கவசம், பூட்டு, ஹேண்டில்பாரில் மாட்டும் சிறு பை, வரைபடம் எல்லாம் சேர்த்துத் தருவது வழக்கம். உயரத்துக்கேற்பச் சீட்டைச் சரிசெய்து தருவார்கள், கேட்டு வாங்குங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி மாலைக்குள் வந்துவிடும்.

இதில் செய்ய வேண்டிய பயணம் ஒன்று உண்டு. வார்ஃபிலிருந்து அக்வாட்டிக் பார்க் வழியாக ஃபோர்ட் மேசனின் சிறிய செங்குத்து மேட்டை ஏறி இறங்கி, மெரினா கிரீன், கிரிஸ்ஸி ஃபீல்டு என்று கடலை ஒட்டியே போய்ப் பாலத்துக்கு ஏறுவது. 1937-ல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் சுமார் 2.7 கிலோமீட்டர், பாதை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 67 மீட்டர் உயரத்தில் போகிறது. கரையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏறுவதுதான் உழைப்பு. முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். கோபுரங்களைச் சுற்றிப் பாதை குறுகி வளையும் இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கோபுரத்தின் மறைவில் காற்று சட்டென்று நின்றுபோகும், உடல் தளரும், அதைத் தாண்டிய மறுநொடி ஓங்கி ஒரு தள்ளு. அங்கே ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். எந்தப் பக்க நடைபாதை சைக்கிளுக்கு என்பதை நுழைவிடத்திலேயே எழுதியிருப்பார்கள்.

அக்கரையில் அலெக்சாண்டர் அவென்யூவில் நீண்ட இறக்கம். அது சவுசலிட்டோ என்ற சிற்றூரின் கடலோரத்தில் கொண்டுபோய் விடும். வார்ஃபிலிருந்து மொத்தம் சுமார் 13 கிலோமீட்டர். இறங்கிய வழியே திரும்ப ஏறுவது கடினம் என்பதால் அங்கிருந்து படகில் சைக்கிளோடு நகரின் படகுத்துறையான ஃபெர்ரி பில்டிங்குக்குத் திரும்புவதே முறை. அரை மணி நேரப் பயணம். படகின் மேல்தளத்திலிருந்து அல்காட்ராஸ் தீவு தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்தப் படகில்தான் தொடங்குகின்றன. சாதாரண டிக்கெட்டைவிடக் கிளிப்பர் அட்டையில் கட்டணம் குறைவு. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதே அட்டை என்பதால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். கோடை வார இறுதியில் சவுசலிட்டோ படகுத்துறையில் சைக்கிள்காரர்களின் வரிசை நீண்டு நிற்கும். முதலில் வந்தவருக்கே இடம். ஒரு படகு தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரம் கடையில் தாமதக் கட்டணமாக மாறலாம். பலகையில் எழுதிய வாடகையில் வரி சேர்ந்திருக்காது. சேதக் காப்பீடு தனி. முன்பணமாக அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் முடங்கிக் கிடக்கும்.

இது பொருந்துவது: ஒரு முழுநாளைச் சைக்கிளுக்கென்று ஒதுக்குகிறவர்களுக்கு, ஊரில் அவ்வப்போதாவது மிதித்துப் பழகியவர்களுக்கு, காலை ஒன்பது மணிக்குள் கிளம்பக்கூடியவர்களுக்கு. காலையில் கிளம்பினால் காற்று எழுவதற்கு முன் பாலத்தைக் கடந்துவிடலாம். மின்சாரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்திருப்பது பல நாட்களில் அதே பலனைத் தரும்.

மின்சார சைக்கிள்

வாடகை சாதாரண சைக்கிளைவிடக் கணிசமாக அதிகம். அந்தப் பணம் எதற்கென்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வார்ஃபிலிருந்து சவுசலிட்டோ போய்ப் படகில் திரும்புவதற்கு மட்டும் என்றால், உடல்நலம் உள்ளவருக்கு அது தேவையில்லை. அந்தப் பாதையில் உண்மையான ஏற்றம் கொஞ்சம்தான்.

ஆனால் மூன்று நிலைமைகளில் தயங்காமல் மின்சார சைக்கிளை எடுங்கள். முதலாவது, மதியத்துக்குப் பிறகுதான் கிளம்ப முடியும் என்றால். கிரிஸ்ஸி ஃபீல்டில் அந்த நேரத்தில் கடலில் காற்றுப்பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் அங்கே வருவதே அந்தக் காற்றுக்காகத்தான், அந்தக் காற்றுக்கு எதிரேதான் நீங்கள் மிதிக்க வேண்டும். இரண்டாவது, குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலியோ மூச்சிரைப்போ இருந்தால். எல்லோருக்கும் எடுக்க வேண்டாம்; அவருக்கு மட்டும் எடுத்தால் குழு முழுவதும் ஒரே வேகத்தில் போகும். மூன்றாவது, உயரமான இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால். நகருக்குள் ட்வின் பீக்ஸ், பாலத்துக்கு அக்கரையில் ஹாக் ஹில், இரண்டும் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம்.

ஹாக் ஹில்லுக்காகவே மின்சார சைக்கிள் எடுக்கலாம் என்பேன். பாலம் முடிந்ததும் கான்செல்மன் சாலையில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் பாலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சிவந்த கோபுரங்களின் உச்சியையே நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள், பின்னால் நகரம் முழுவதும் வெள்ளையாக விரிந்து கிடக்கும். மூடுபனி நாளில் கோபுர உச்சிகள் மட்டும் மேலே தெரியும். உச்சியைத் தாண்டியதும் சாலை ஒருவழிப்பாதையாகி மிகச் செங்குத்தாக இறங்குகிறது. பிரேக்கில் பழக்கமில்லாதவர்கள் அங்கிருந்து வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

மின்சார சைக்கிளின் மறைந்த செலவு அதன் எடை. சாதாரணமாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பஸ்ஸின் முன்சட்டத்தில் தூக்கி வைப்பது வயதானவர்களால் ஆகாது. படிக்கட்டு வந்தால் திண்டாட்டம். பேட்டரி தீர்ந்துவிட்டால் அந்த எடையோடு மிதிக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே பேட்டரி அளவைக் கண்ணால் பாருங்கள், மோட்டாரின் உச்ச உதவியில் எவ்வளவு தூரம் வரும் என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் மின்சார சைக்கிள்கள் மூன்று வகை. மணிக்கு 28 மைல் வரை உதவி தரும் மூன்றாம் வகைக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், எந்த வயதினரும் தலைக்கவசம் அணிய வேண்டும். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு மணிக்கு 20 மைலோடு உதவி நின்றுவிடும் முதல் வகையே போதும்.

சொந்த மின்சார சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதியில்லை. இவற்றின் பேட்டரி பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

நிலையங்களில் நிற்கும் பொது சைக்கிள்

2013-ல் வேறு பெயரில் தொடங்கி, 2019 முதல் பே வீல்ஸ் என்ற பெயரில் ஓடும் பொது சைக்கிள் திட்டம் இது. செல்போன் செயலியில் திறந்து, ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடலாம். சாதாரண வண்டியும் உண்டு, மின்சார வண்டியும் உண்டு.

ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து பேஸ்பால் மைதானம் வரை, மிஷன் பகுதியில் சாப்பிடப் போய்வர என்று சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு இதைவிட வசதி கிடையாது. காவல் காக்க வேண்டாம், பூட்டும் கவலையும் இல்லை. சைக்கிள் திருட்டுக்குப் பேர்போன ஊரில் இது சிறிய நன்மையில்லை.

நாள் முழுக்கச் சுற்ற இதை எடுப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறுப்பினர் அல்லாதவருக்குச் சாதாரண வண்டியில் முதல் 30 நிமிடத்துக்கு ஒரு கட்டணம், அதற்குமேல் நிமிடக்கணக்கு. மின்சார வண்டிக்குத் தொடக்கத்திலிருந்தே நிமிடக்கணக்கு. இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் கடையில் நாள் வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று தோன்றும். பாலத்துக்கு அக்கரையில், சவுசலிட்டோவில், இதற்கு நிலையமே இல்லை. எடுத்துப் போனால் திருப்பிக் கொண்டுவந்தே ஆக வேண்டும். தலைக்கவசம் தரமாட்டார்கள். சிறுவர்களுக்கான அளவிலும் வண்டி இல்லை. நம் ஊர் அட்டையால் கட்டணம் செலுத்துவதானால், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும். கையில் இணையத்தோடு போனும் இருந்தாக வேண்டும். மேட்டுப்பகுதி நிலையங்களில் எல்லோரும் இறங்குவதற்கே வண்டி எடுப்பதால் அவை காலியாகிவிடும். கீழே நிரம்பிக் கிடக்கும். கிளம்பும் முன் இரண்டு முனைகளையும் செயலியில் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் வீட்டுச் சைக்கிள்

நகருக்கு வெளியே சன்னிவேலிலோ ஃப்ரீமான்டிலோ தங்கியிருப்பவர்கள் மறந்துவிடும் வழி இது. வீட்டுக் கார்நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் பெரும்பாலும் தூசி படிந்து நிற்கும். அதை ரயிலில் ஏற்றி வரலாம். சன்னிவேலிலிருந்து வரும் கால்ட்ரெய்ன் ரயிலில் சைக்கிளுக்கென்றே தனிப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்துவதால், இறங்கும் ஊரின் பெயரை எழுதிய சிறு அட்டையை வண்டியில் கட்டுவது அங்கே வழக்கம். முதலில் இறங்குகிறவரின் வண்டி அடியில் சிக்காமலிருக்க அது உதவும். கடைசி நிலையத்தில் இறங்கினால் எம்பார்கடேரோவின் சமதளம் பக்கத்திலேயே தொடங்குகிறது. ஃப்ரீமான்டிலிருந்து பார்ட் ரயில். முதல் பெட்டியைத் தவிர மற்றவற்றில், கூட்டமில்லாதபோது ஏற்றலாம்.

வாடகை மிச்சம். ஆனால் காற்றடித்து, பிரேக் கட்டைகளைப் பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு ஒரு மாலை செலவாகும். ஒற்றைக் கியர் சைக்கிள் என்றால் விட்டுவிடுங்கள். நல்ல இரும்பு யூ-பூட்டு இல்லாமல் நகருக்குள் எங்கும் நிறுத்தாதீர்கள். மெல்லிய கம்பிப் பூட்டு நொடியில் போய்விடும்.

இந்த வண்டிக்கு ஏற்ற பாதை கோல்டன் கேட் பூங்கா. விகில் வழியாகப் பூங்காவுக்குள் நுழைந்தால் ஜான் எஃப். கென்னடி சாலையின் கிழக்குப் பகுதியில் கார்களே கிடையாது. 2020-ல் மூடியதை 2022-ல் மக்கள் வாக்கெடுப்பு நிரந்தரமாக்கியது. பூங்கா சுமார் 5 கிலோமீட்டர் நீளம். காட்டெருமைகள் மேயும் புல்வெளியைத் தாண்டி, டச்சுக் காற்றாலையருகே கடலைத் தொடும். அங்கிருந்து தெற்கே, முன்பு நெடுஞ்சாலையாக இருந்த சுமார் 3 கிலோமீட்டர், 2025 ஏப்ரலில் சன்செட் டியூன்ஸ் என்ற கடலோரப் பூங்காவாகிவிட்டது. போகும்போது மென்மையான இறக்கமும் எதிர்க்காற்றும், திரும்பும்போது ஏற்றமும் பின்காற்றும், ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சமதளம் தேடும் பெற்றோருக்குப் பாலத்தைவிட இதையே சொல்வேன்.

வழிகாட்டியோடு குழுப்பயணம்

தனியாக வந்தவர்களுக்கும், வெளிநாட்டுப் போக்குவரத்தில் முதன்முதலாக ஓட்டுகிறவர்களுக்கும் சரி. விலை அதிகம், முடிவில் வழிகாட்டிக்கு அன்பளிப்பும் எதிர்பார்ப்பார்கள், நின்று ரசிக்க நினைத்த இடத்தில் நிற்க முடியாது. வழி தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் தேவையில்லை.

| வண்டி | காற்று, மேடு | திரும்பும் வழி | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|
| கடைச் சாதாரண சைக்கிள் | காலையில் நன்று | படகு | படகுக் கட்டணம், தாமதம், காப்பீடு |
| மின்சார சைக்கிள் | எந்த நேரமும் | படகு அல்லது பாலம் வழியாகவே | கூடுதல் வாடகை, எடை |
| பொது சைக்கிள் | குறுகிய சமதளம் | அருகிலுள்ள நிலையம் | நிமிடக்கணக்கு |
| பிள்ளைகள் வீட்டுச் சைக்கிள் | விகில், பூங்கா | ரயில் | பூட்டு, பழுதுபார்ப்பு |
| வழிகாட்டிக் குழு | வண்டியைப் பொறுத்தது | குழுவோடு | அன்பளிப்பு |

எதை எடுத்தாலும்

நம் ஊர் ஸ்கூட்டரில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. அமெரிக்க சைக்கிளில் பொதுவாக இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. அலெக்சாண்டர் அவென்யூ போன்ற இறக்கத்தில், பழக்கத்தில் இடக்கையை மட்டும் இறுக்கினால் முன்சக்கரம் நின்று ஆள் தலைகுப்புற விழும் ஆபத்து உண்டு. கடை வாசலிலேயே மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதையும் கை பழகும் வரை நினைவில் வைத்திருங்கள். 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், மற்றவர்களும் அணியுங்கள். பயணக் காப்பீட்டில் சைக்கிள் விபத்தும் மின்சார சைக்கிளும் சேருமா என்று கிளம்பும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். அமெரிக்காவில் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவு மொத்தப் பயணச் செலவை விழுங்கிவிடும்.

மேட்டைவிட அதிகம் பேரை விழவைப்பது டிராம் தண்டவாளம். சக்கரம் அந்த இடுக்கில் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பாது. மார்க்கெட் தெருவிலும் டுபோஸ் அருகிலும் தண்டவாளத்தைக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

மாதம் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் செப்டம்பர், அக்டோபர். கோடையின் மூடுபனி விலகி, ஊரில் வெயில் நன்றாக அடிக்கும் காலம் அதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மழை பெய்கிற நாளில் வாடகையை மிச்சம்பிடித்து, கிளிப்பர் அட்டையோடு பஸ் ஏறிவிடுங்கள்.